ஒருத்தி தலையில் ஓர் ஊர்

தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஞானசீலன் தன் மனைவியின் தலைக்குள் போய் ஒரு நோட்டம் விட்டுவிட்டு வருவார். அன்றைக்கு என்ன கூட்டம், யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும், நேற்று எந்த மாத்திரையை விழுங்கினோம் என்பதெல்லாம் அங்கேதானே இருந்தது. கோமளவல்லி அந்த நேரத்தில் கடற்பாசி மாவைப் பிசைந்துகொண்டிருப்பாள். காதுக்குப் பின்னால் லேசாக ஒரு குறுகுறுப்பு தெரியும். வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மாவைத் தொடர்ந்து பிசைவாள்.

இதைக் கேட்டு உறைபுரத்தில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். வியாழனின் நிலவான கனிமீட்டில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர் அது. அங்கே எல்லா வீட்டிலும் காலை இப்படித்தான் விடிந்தது.

பூமியில் ஒரு காலத்தில் மனிதர்கள் மேசைமேல் ஒரு கணினியை வைத்து, பத்திரம், ரசீது, கடிதம், சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். மேசைத் தரவுத்தளம் என்று அதற்குப் பெயர். பிறகு மேசை போயிற்று, கணினியும் போயிற்று. தரவுத்தளம் மட்டும் சுருங்கிச் சுருங்கி ஒரு மிளகளவுக்கு வந்து, மனிதனின் வலது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் குடியேறிவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. உறைபுரத்துக்காரர் ஒருவர் "என் மேசையில அது இல்லையே" என்று சொன்னால், தலையைத் தொட்டுக்கொண்டுதான் சொல்வார்.

மேசையில் கோப்பை வைக்க இரண்டு வழி. ஒன்று உள்வைப்பு. கோப்பு முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் எங்கே போனாலும் கூடவே வரும், ஆனால் இடத்தை அடைக்கும். இன்னொன்று சுட்டி. கோப்பு வேறு யாரிடமோ இருக்கும். அதன் விலாசம் மட்டும் நம்மிடம். தொட்டால் அங்கே போய்த் திறந்து காட்டும். எடையே இல்லை, சுகமோ சுகம். கோப்பை வைத்திருப்பவர் அதை இடம் மாற்றினாலோ, மேசைகளை இணைக்கும் அலை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாலோதான் சங்கடம். சுட்டியைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் திறக்காது.

மேசைக்குக் கொள்ளளவு உண்டு. அதை நெருங்கினால் மண்டை கனக்கும், எண்ணம் நொண்டும். அப்போது ஒருநாள் முழுக்கப் படுத்துக்கொண்டு 'சுருக்கம்' ஓடவிட வேண்டும். உள்ளே கலைந்து கிடப்பதை அமுக்கி அடுக்கி, குப்பையைக் கழிக்கிற வேலை அது. தலைவலி பின்னியெடுத்துவிடும். உறைபுரத்தில் இந்தத் தலைவலி பெண்களுக்கு மாதாமாதம் வரும். ஆண்களுக்கு வருவதே இல்லை. பெண்களின் உடல்வாகு அப்படி என்று மருத்துவர்களே எழுதி வைத்திருந்தார்கள். மகா மேதைகள்.

காரணம் கல்யாண மண்டபத்தில் இருந்தது. தாலி கட்டியதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்து, இரண்டு காதுக்கும் நடுவே ஒரு கம்பியை இணைப்பார்கள். மாப்பிள்ளையின் கோப்புகள் மொத்தமும் பெண்ணின் மேசைக்கு உள்வைப்பாகப் போகும். அவர் பக்கம் சுட்டிகள் மட்டும் மிஞ்சும். 'பொறுப்பு ஒப்படைப்பு' என்று இதற்குப் பெயர். மாப்பிள்ளை எழுந்திருக்கும்போது முகமே தெளிந்திருக்கும். பெண் எழுந்திருக்கும்போது இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும். வெட்கப்படுகிறாள் என்று சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

கோமளவல்லியிடம் கல்யாணத்துக்கு முன்னால் தனக்கென்று ஒரு பெரிய கோப்பு இருந்தது. வியாழனின் மறுபக்கத்துக்கான வழிப்படம். பனிக்கட்டிகளைக் கோத்து நிலவுக்கு நிலவு இழுத்துப் போகும் பனியிழுவைகளை ஓட்ட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்து, கன்னிப் பெண்ணாக இருந்தபோது தானே வரி வரியாகப் போட்டுவைத்த படம் அது. ஒப்படைப்பின்போது இடம் பற்றவில்லை. "இதை ஊர் ஆவணகத்தில வெச்சுடலாம், சுட்டி உன்கிட்டயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்," என்று புது மாப்பிள்ளை ஞானசீலன் சொன்னார். அவர் அப்போது ஆவணகத்தில் உதவியாளர். இப்போது தலைமை ஆவணர். சூரிய மண்டலத்திலேயே எடை குறைந்த ஆவணகம் என்று விருது வாங்கி, அதை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

நாற்பத்தாறு வயதில் கோமளவல்லி பனியிழுவைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. விட்டால் இனி இல்லை.

"யாருக்குத் தேர்வு?" என்று கேட்டார் ஞானசீலன்.

"எனக்குத்தாங்க."

"அட. எழுதிப் பாரேன், யார் வேண்டாங்கறா." அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். நடக்காது என்று தெரிந்த விஷயத்தில் பெருந்தன்மை காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"வியாழனுக்குப் பின்னால அலை எட்டாது. சுட்டி எதுவும் திறக்காது. அதனால வழிப்படம் உள்வைப்பா இருக்கணும், அதுக்கு மேசையில பாதி காலியா இருக்கணும்னு விதி. உங்க கோப்புகளையெல்லாம் நீங்க எடுத்துக்கோங்க."

அப்போதுதான் அவர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "என் தலையில இடம் ஏதும்மா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவர் தலைக்குள் போனதே இல்லை. போக அவளுக்கு வேலையும் இருந்ததில்லை. அன்றைக்குப் போனாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கங்கள் மலை மலையாகக் கிடந்தன. யார் யாரோ அனுப்பியவை, இவர் யார் யாருக்கோ திருப்பி அனுப்பியவை. விருது விழாவில் இவர் பேசிய உரை 'இறுதி' என்ற பெயரில் ஒன்று, 'இறுதி புதியது' என்று ஒன்று, 'இதுதான் இறுதி' என்று ஒன்று, எல்லாம் ஒரே உரை. முடிந்துபோன பந்தாட்டங்கள். திறக்கவே திறக்காத யோகாசனப் பாடங்கள்.

"இதையெல்லாம் அழிச்சா தாராளமா இடம் இருக்குங்க."

"அதெப்படி அழிக்கறது? என்னைக்காவது தேவைப்படும்," என்றார் தலைமை ஆவணர்.

கோமளவல்லி சண்டை போடவில்லை. தன் தலையைத் தானே ஒழித்துக் காலி செய்வதென்று உட்கார்ந்துவிட்டாள். மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு ஒவ்வொரு நாளும் ஓர் அட்டவணை. மாமனாரின் மூட்டுவலி அறிக்கைகள், மைத்துனனின் தேர்வுத் தாள்கள், செவ்வாயில் படிக்கும் மகளின் விடுதிக் கடிதங்கள். எல்லாவற்றையும் உரியவர்களுக்கே திருப்பி அனுப்பினாள். "அண்ணி, என்ன திடீர்னு இப்படிப் பண்றீங்க?" என்று மைத்துனன் அழாக்குறையாகக் கேட்டான். "உன்னோடதுதானேப்பா, நீயே வெச்சுக்க," என்றாள். இவ்வளவு செய்தும் மேசை காலியாகிற வழியைக் காணோம். அடியில் ஏதோ ஒன்று பெரிதாகக் கிடந்தது.

அதைத் தேடிப் போய்ப் பிடித்தாள். 'தற்காலிகம்' என்று பெயரிட்ட ஓர் உறை. அவள் வைத்ததில்லை. திறந்தால், உறைபுரத்தின் சாசனம். மூச்சுக்காற்று ஆலையைப் பழுது பார்க்கும் கையேடு. தண்ணீர்க் குழாய்களின் வரைபடம். ஊரில் பிறந்தவர், இறந்தவர் பதிவுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதைச் சுட்டுகிறவர்களின் எண்ணிக்கை இருந்தது. ஊர் ஜனத்தொகை எவ்வளவோ அவ்வளவு.

ஞானசீலன் குளித்துவிட்டு வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க இது?"

அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "அது வந்து... நான் பொறுப்பேத்த வருஷம் ஆவணகத்தில இடமே இல்ல. உடனே எடையைக் குறைன்னு ஊர் அவையில உத்தரவு. சரி, கொஞ்ச நாளைக்கு வீட்ல வெச்சிருப்போம்னு..."

"வீட்லன்னா என் தலையிலயா?"

"நம்ம வீடுதானேம்மா."

"என்னைக் கேட்டீங்களா?"

"தலை வலிக்குதுன்னு படுத்திருந்தே. எழுப்ப வேணாம்னு பாத்தேன்."

கோமளவல்லிக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. தன்னுடைய பழைய வழிப்படத்தின் சுட்டியைத் தேடியெடுத்துத் தொட்டாள். அது ஆவணகத்துக்குப் போயிற்று. ஆவணகத்தில் கோப்பு இல்லை, இன்னொரு சுட்டி இருந்தது. அதைத் தொட்டாள். அது அவள் தலைக்கே திரும்பி வந்தது. அவள் தலையில் அது சுட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு மாதம் சுருக்கம் ஓடியபோது ஒதுக்கித் தள்ளிய குப்பையோடு குப்பையாகப் போயிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கண்விழித்துப் போட்ட படம்.

அவள் அழுதாள். மறைக்கவில்லை, முந்தானையால் மூடிக்கொள்ளவும் இல்லை. ஞானசீலனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமாதானப்படுத்தும் முறை எது என்று வழக்கம்போல் அவள் தலைக்குள் தேடப்போய், பாதியில் நின்றுவிட்டார். அந்த மட்டுக்கும் அவருக்கு நல்ல புத்தி இருந்தது.

"மறுபடி முதல்லேர்ந்து படிக்கறேன்," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உங்க ஊரை நீங்க எடுத்துக்கோங்க."

சேதி அவைக்குப் போனதும் அவசரக் கூட்டம் கூடியது. அவைத்தலைவர் பொன்னுரங்கம் எதையும் மாலை போட்டே முடிக்கிற மனிதர். கோமளவல்லியை முன்வரிசையில் உட்கார வைத்து, "அம்மா, இத்தனை வருஷம் இந்த ஊரையே நீங்கதான் சுமந்திருக்கீங்க. எங்களுக்குத் தெரியாமப் போச்சு," என்று கைகூப்பினார். பலபேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். "அதனால நீங்க ஊரை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு அவை கேட்டுக்குது. நீங்க மறுபக்கம் போயிட்டா இங்க ஒரு குழாயைக்கூடத் திறக்க முடியாது. இனிமே நீங்கதான் உறைபுரத்தோட ஆவணகம். பெரிய வீடா பாத்துத் தர்றோம். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

கைதட்டல் அடங்கும்வரை கோமளவல்லி காத்திருந்தாள்.

"நான்தான் ஆவணகம்னு அவை முடிவு பண்ணியாச்சுங்களா? குறிப்புல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா," என்றார் பொன்னுரங்கம், பெருமையாக.

"அப்ப சாசனத்தோட முப்பதாவது விதி ஒண்ணு இருக்குங்க. ஊர்க் கோப்புகள் யார் வசம் இருக்கோ அவர்தான் தலைமை ஆவணர். கோப்பை எங்க வைக்கணும்னு அவர் போடற உத்தரவு அவையையும் கட்டுப்படுத்தும். அவங்கவங்க கோப்பை அவங்கவங்க உள்வைப்பா எடுத்துக்கணும். ஊர்க் கோப்பை எல்லாரும் ஆளுக்கொரு படி எடுத்துக்கணும். இது என் முதல் உத்தரவு."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பார்க்க அவை உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் மேசையில் சாசனத்தைத் தொட்டார்கள். எல்லாருடைய சுட்டியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் தலைக்கே போய்ச் சேர்ந்தது. கோமளவல்லிக்குக் காதுக்குப் பின்னால் பலமாகக் குறுகுறுத்தது. அவள் தாராளமாகத் திறந்து காட்டினாள். முப்பதாவது விதி அங்கே இருந்தது. எழுத்து கொஞ்சம் புதுசாகத் தெரிவதுபோல் ஓரிரண்டு பேருக்குப் பட்டது. ஒத்துப்பார்க்கலாம் என்றால் ஊரில் வேறு படி கிடையாது. ஞானசீலன் மட்டும் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

தேர்வுக்குள் வேலை முடிய வேண்டும். கோமளவல்லி வீட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தெரு முனைவரைக்கும் வரிசை நின்றது. வந்தவர்களில் பாதிப்பேர் தலையில் இடமில்லை என்றார்கள். "ரோஜாப்பூவை அழிங்க, இடம் வரும்," என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னாள். சிலர் நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நழுவப் பார்த்தார்கள். நாளைக்குக் கிடையாது என்று உட்கார வைத்துக் கம்பியைச் செருகினாள். பொன்னுரங்கம் தன் திறப்பு விழாப் படங்களை ஒவ்வொன்றாகக் கடைசித் தடவை பார்த்துவிட்டு அழித்தார். ஆண்களுக்கெல்லாம் வாழ்க்கையில் முதல் தடவையாக சுருக்கம் ஓடியது. ஊர் முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு முனகியது. இது ஏதோ புதிய நோய் என்று மருத்துவர்கள் பதறிப்போய் ஆராய்ச்சிக்குழு அமைத்தார்கள்.

கடைசியாக வந்தவர் ஞானசீலன். அவருடைய கோப்புகளை அவள் தன் கையால் மாற்றவில்லை. "நீங்களே எடுங்க. நீங்களே வைங்க. அப்பத்தான் எங்க வெச்சோம்னு ஞாபகம் இருக்கும்," என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் எடுத்தார். திணறித் திணறி வைத்தார். முடித்துவிட்டு, "ரொம்பக் கனமா இருக்கு கோமளா," என்றார் சின்னக் குரலில். "இதையா இத்தனை வருஷம்..."

"ஆமாங்க," என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபத்திலும் அவளுக்கு அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தது.

மிஞ்சிய நாட்களில் முதலிலிருந்து படித்து, புது வழிப்படம் ஒன்றைப் போட்டாள். காலி மேசையில் படிப்பது என்றால் என்ன என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஒரு தடவை பார்த்தது அப்படியே உட்கார்ந்தது. தேர்வு நடத்திய இயந்திரன் அவள் காதருகே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் வயதில் இவ்வளவு காலியான தலையை நான் கண்டதில்லை," என்றது. பாராட்டுதானா என்று தெரியவில்லை. ஆனால் தேறிவிட்டாள்.

முதல் பயணத்துக்கு ஊரே வந்து வழியனுப்பியது. பனிக்கட்டிகளைப் பின்னால் கோத்துக்கொண்டு இழுவை வியாழனின் விளிம்பைத் தாண்டியபோது, அலை அறுந்தது. கோப்புகளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழக்கதோஷத்தில் யாராவது தலைக்குள் நோட்டம் விட்டதால் காதுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த குறுகுறுப்பு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூட ஓயாத குறுகுறுப்பு. கோமளவல்லி கைப்பிடியை விடாமல் வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் வியாழனின் இருட்டுப் பக்கம் பெரிதாக எழுந்து நின்றது. அவளுடைய படத்தில் இருந்த ஒவ்வொரு திருப்பமும் வந்தது, ஒவ்வொன்றையும் அவள் சரியாக எடுத்தாள்.

நாலாவது திருப்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவசரத்தடம். வழிமிதவைகள் வழியாகக் குரலை மட்டும் எறிந்து பிடிக்கிற தடம் அது. ஊரின் கூரை பிளந்தாலொழிய, காற்று போனாலொழிய அதை யாரும் தொடக் கூடாது. இழுவையின் வேகத்தைக் குறைத்துவிட்டு விசையைத் தட்டினாள்.

"கோமளா, பயப்படாதே, ஒண்ணுமில்ல," என்றார் ஞானசீலன். "கண் டாக்டர் எழுதிக் குடுத்தாரே என் கண்ணாடிச் சீட்டு, அது எங்க இருக்கு?"

அவள் வேகத்தைப் பழையபடி கூட்டிவிட்டுப் பேசினாள்.

"உங்க தலைக்குள்ளதாங்க இருக்கு. நான்கூட வெக்கல. நீங்களே உங்க கையால வெச்சீங்க."

குரல் போய்ச் சேர்ந்து திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் அவருக்குப் பின்னால் நிறையப் பேர் நிற்கிற சந்தடி கேட்டது. நீங்க முடிச்சதும் நான் பேசணும் என்று பொன்னுரங்கம் யாரிடமோ முண்டிக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியாதா கோமளா," என்றார் ஞானசீலன். "தலைக்குள்ள எங்க?"